விளக்கு ஆடியபோது

திரையில் ரோம் நகரமே இடிந்து விழுந்துகொண்டிருந்தது. தியேட்டரில் விசில் பறந்தது.

மணிக்கூண்டு சரிந்தது, கைதட்டல். பாலத்தோடு சேர்ந்து கார்களெல்லாம் ஆற்றில் விழுந்தன, சிரிப்பு.

ஒட்டாவியோவுக்குத் தாங்கவில்லை. மிலானிலிருந்து இந்த மலையூருக்கு வந்து மருந்துக்கடை திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரை இழுத்து வந்ததே ரொட்டிக்கடை தொனாத்தோதான். இப்போது எல்லோரையும்விட உரக்க விசிலடிப்பதும் அவர்தான்.

ஒட்டாவியோ எழுந்து நின்றே கேட்டுவிட்டார்.

"உங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது ஈரம் இருக்கா? அத்தனை ஜனம் சாகுது, விசிலடிக்கிறீங்க."

"அதெல்லாம் அட்டைக் கட்டடம், டாக்டரே. உக்காருங்க, பின்னாடி மறைக்குது" என்றார் பக்கத்திலிருந்த தொனாத்தோ. மருந்துக்கடைக்காரரும் இந்த ஊருக்கு டாக்டர்தான்.

முன்வரிசையிலிருந்து யாரோ வறுத்த கடலைப் பொட்டலத்தை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. படம் முடிந்ததும் இந்தத் தொனாத்தோவோடு பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டார்.

அடுத்த காட்சி, ஒரு சாதாரண வீட்டுச் சமையலறை. அம்மா பிள்ளைகளுக்கு சூப் ஊற்றுகிறாள். மேலே தொங்கிய விளக்கு லேசாக ஆடியது. அவ்வளவுதான். ஒரு சுவர்கூட விழவில்லை.

தியேட்டர் கப்சிப்.

எங்கோ ஒரு பெண் விசும்பினாள். யாரும் சொல்லாமலே படம் நின்றது. ஹாலில் வெளிச்சம் வந்தது.

தொனாத்தோ எழுந்து, வரிசை வரிசையாகப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

"ஃபிலொமேனா?"

"இருக்கேன்."

"பெரார்தோ?"

"இருக்கேன்பா."

ஒட்டாவியோ விழிப்பதைப் பார்த்த பின்சீட்டுப் பெண் குனிந்து மெதுவாகச் சொன்னாள். இந்த ஊரில் பூகம்பம் வந்த அன்றைக்கு, முதலில் ஆடியது வீட்டு விளக்குகள்தானாம். அப்புறம் இடிபாட்டின் மேல் ஏறி நின்று தொனாத்தோ இப்படித்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாராம். சில பேரிடமிருந்து பதில் வரவில்லை. அவர் மனைவியிடமிருந்தும்.

கடைசி வரிசையும் முடிந்தது. உட்காரப்போன தொனாத்தோ பக்கத்தில் திரும்பினார்.

"டாக்டரே?"

ஒட்டாவியோ எழுந்து நின்றார்.

"இருக்கேன், தொனாத்தோ."

"எல்லாரும் இருக்கோம்" என்று மேலே ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார் தொனாத்தோ. "படத்தைப் போடுப்பா."