எச்சில் சோதனை

ரெண்டாவது என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த டிரைவரைக் கடைசியாக நான் உயிரோடு பார்த்தபோது, அவர் புது பஸ்ஸின் டிரைவர் சீட்டில் ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, டிப்போ கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அவருடைய தங்கை புருஷன் ஓடினான். பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் அடித்துக்கொண்டே ஏதோ கத்தினான். இன்ஜின் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"வயித்தெரிச்சல்," என்றார் டைம்கீப்பர். "கஞ்சா அடிச்சு மாட்டிக்கிட்டு, இப்ப பஸ்ஸை அடிச்சு என்ன ஆகப் போகுது?"

எல்லோரும் சிரித்தோம்.

தங்கை புருஷனை டிப்போவில் ஒட்டகம் என்போம். அவ்வளவு உயரம். மச்சான் அவன் தோளுக்குக்கூட வரமாட்டார். சர்வீஸில் மச்சான்தான் மூத்தவர். ஆனால் வருஷா வருஷம் நல்ல டிரைவர் என்று பெயர் அறிவித்தால் ஒட்டகத்துக்கு அடுத்துத்தான் அவர் பெயர் வரும். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் ரெண்டாவது. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டோம். அவருக்குத் தெரியும்.

வீட்டிலும் அதே கதைதான். "மாப்பிள்ளை ஓட்டினா கையில இருக்கிற டீ தளும்பாது" என்று பெற்ற தாயே அவரிடம் சொல்வாளாம். அவர் மகள்கூடக் காலேஜுக்கு மாமா பஸ்ஸில்தான் போவாள்.

"அப்பன் பஸ் முன்னாலயே போகுது. அதுல ஏறினா என்னவாம்?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார்.

நான் மெக்கானிக். பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லியிருப்பேன்.

டிப்போவில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. ஒட்டகம் இறங்கிய பஸ்ஸில் ரெண்டாவது ஏறினால், அவன் நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளிக் கடைசிப் பல்லில் நிற்கும் சீட்டை முன்னால் முதல் பல் வரைக்கும் இழுத்தாக வேண்டும். கர்ர்ரென்று அந்தச் சத்தம் ஷெட் முழுக்கக் கேட்கும். "ஏறிட்டார்ப்பா" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். ஷெட்டே சிரிக்கும். அவர் காது சிவந்துபோகும்.

அந்த வருஷம் புது பஸ் ஒன்று வந்தது. ஒட்டகத்துக்குக் கொடுத்தார்கள். யாரும் இல்லை என்று நினைத்து ரெண்டாவது அதன் ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்ததை, அடியில் படுத்திருந்த நான் பார்த்தேன்.

அடுத்த வாரமே போதைச் சோதனைக்கு ஆபீசர் வந்துவிட்டார். வழக்கமாக வரும் நாள் இல்லை அது. ஒவ்வொரு டிரைவர் வாயிலும் குச்சி வைத்து எச்சில் எடுத்தார். ஒட்டகத்தின் எச்சிலில் கஞ்சா இருந்தது.

"சனிக்கிழமை எனக்கு லீவு சார். பழைய கூட்டாளிங்க வந்திருந்தாங்க, ஒரு இழுப்பு இழுத்தேன். இன்னிக்குத் திங்கள்," என்றான்.

"எந்தக் கிழமைன்னு சட்டம் கேக்காது. இருக்கா, இல்லையா. அவ்வளவுதான்."

"இப்பவே ஓட்டிக் காட்டறேன் சார். வளைவுல, ரிவர்ஸ்ல, எப்படி வேணும்னாலும். தடுமாறினா லைசென்ஸை நானே கையில கொடுத்துடறேன்."

"நீ எப்படி ஓட்டறேன்னு பார்க்க நான் வரலப்பா."

"யாரோ போன் போட்டிருக்கான்," என்று டைம்கீப்பர் முணுமுணுத்தார். ரெண்டாவது டீ கிளாஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவர் எச்சிலில் ஒன்றும் இல்லை. "டிரைவர்னா இவரை மாதிரி இருக்கணும்," என்று ஆபீசர் அவர் முதுகில் தட்டினார். சாவி கைமாறியது.

"மனசுல வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை. டியூட்டி, அவ்வளவுதான்," என்றார் ரெண்டாவது.

"அதை விடுங்க மச்சான். பிரேக் புதுசு. பாதம் முழுசா வெச்சு அடி வரைக்கும் மிதிக்கணும்."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரெண்டாவது மெல்லப் படியேறினார். கதவைச் சாத்தினார். பஸ் நகர்ந்தது. ஒட்டகம் கேட்டை நோக்கி ஓடத் தொடங்கினான்.

கேட்டுக்கு வெளியே ரோடு இறக்கம். இறக்கத்தின் முடிவில் ரயில் பாலத்தின் தூண். அதற்கு அப்பால்தான் கண்டக்டரும் ஆட்களும் ஏறும் முதல் ஸ்டாப். நல்ல வேளை, பஸ்ஸில் வேறு யாரும் இல்லை.

பஸ் தூணில் மோதிய சத்தம் கேட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒட்டகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்த மச்சானின் தலை அவன் மடியில் இருந்தது. உயிர் இல்லை.

ஆபீசரும் வந்து பார்த்தார். "இவர் சுத்தமான ஆள். நானே சோதிச்சேன். அப்ப பிரேக்தான் போயிருக்கணும்," என்று என் பக்கம் திரும்பினார்.

முதல்நாள்தான் அந்த பிரேக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். மிதித்துக் காட்டுகிறேன் என்று பஸ்ஸில் ஏறி, சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினேன்.

பெடலை என் கட்டைவிரல் நுனிதான் தொட்டது. நானும் குட்டைதான்.

கீழே ஒட்டகம் யாரையும் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தான்.

"சீட் இழுக்கற சத்தமே கேக்கலை. நீங்க எல்லாரும் சிரிப்பீங்கன்னு இழுக்காமலே எடுத்துட்டார். 'சீட்டை இழுங்க மச்சான், சீட்டை இழுங்க'ன்னு எவ்வளவு தூரம் கத்திக்கிட்டு ஓடினேன். திரும்பியே பார்க்கலை."

டைம்கீப்பர் அவன் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் சீட்டின் நுனிக்கு நகர்ந்து, அடி வரைக்கும் மிதித்தேன். பிரேக் நன்றாகப் பிடித்தது.

சீட் கடைசிப் பல்லில் இருந்தது.