பச்சை டேப்

மலகாயின் கம்ப்யூட்டரைச் சுற்றிக் கூட்டம் நின்றதைப் பார்த்ததும் டேரலுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. கூட்டத்தில் முதல் ஆளாக நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி ஜானெல்.

நியூசிலாந்தில், கிஸ்போர்ன் ஊர் ரக்பி கிளப் ஹாலில் வருஷா வருஷம் நடக்கிற போட்டி இது. அவரவர் கையால் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைக்க வேண்டும். உள்ளே சுற்றும் ஃபேன்களின் கலர் விளக்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து நிறம் மாற வேண்டும். கோப்பை மூன்று வருஷமாக டேரல் வீட்டு அலமாரியை விட்டு நகரவில்லை. இந்த வருஷம் புதிதாக வந்த மலகாய், ஃபேனுக்கு ஃபேன் கடல் நீலத்தை அலை அலையாக ஓடவிட்டிருந்தான்.

டேரல் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான். குறை ஏதாவது கிடைக்காமலா போகும்?

"என்ன தம்பி, வயருக்கெல்லாம் பச்சை டேப் சுத்தி வச்சிருக்க? அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கே."

"நான் வேலை பார்க்கிற படகுப் பட்டறையில மிச்சமானதுண்ணே," என்று சிரித்தான் மலகாய்.

"முன்பக்கம் கண்ணாடி. யாரு வேணா மினுக்கலாம். ஜெயிச்சவன் பின்பலகையைக் கழட்டி எல்லாருக்கும் வயரிங்கைக் காட்டணும், தெரியுமில்ல? அங்கதான் ஆளோட லட்சணம் தெரியும்."

"தெரியும்ணே. உங்க வயரிங்கைப் பார்க்கத்தான் நான் வந்ததே."

அந்தப் பணிவுகூட டேரலுக்குப் பொறுக்கவில்லை. நல்லா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு தன் மேஜைக்கு வந்து சுவிட்சைப் போட்டான்.

மேல் மூலை ஃபேன் சுற்றியது. விளக்கு எரியவில்லை.

பதறிப்போய்ப் பின்பலகையைக் கழற்றினான். ஒரே விளக்கு இணைப்பை இரண்டு ஃபேனுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் வயரின் முனை ஒடிந்து கிடந்தது.

"ஹுயா, உன் டின்ல ஒரு ஸ்ப்ளிட்டர் இருக்கா பாரேன்."

போட்டியை நடத்துகிற ஹுயாவிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. உபரியாக இருக்கும் திருகாணி, வயர் எல்லாம் அதில்தான் கிடக்கும். அவள் டின்னைக் கிளறினாள்.

"கண்ணுல படலியேப்பா. நீ போய் உன் வண்டியில தேடு. நான் இங்க பார்க்கிறேன்."

டேரல் வண்டியைத் தலைகீழாகப் புரட்டினான். ஒன்றும் அகப்படவில்லை. கோப்பை அந்தப் பச்சை டேப்காரன் வீட்டுக்குப் போகப்போகிறது, ஜானெல் அதையும் படம் பிடிக்கப்போகிறாள் என்று நினைக்க நினைக்க, வாசலில் வெந்துகொண்டிருந்த சாஸேஜ் வாசனைகூட எரிச்சலாக இருந்தது.

திரும்பி வந்தால் அவனுடைய ஃபேன்கள் எல்லாமே ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. ஹுயா பின்பலகையின் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கிடைச்சுது, மாட்டிட்டேன். போட்டி முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடு."

"என் நேரம் நல்லாயிருக்கு," என்றான் டேரல். எங்கே கிடைத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

நடுவர் நோலீன் அக்கா மேஜை மேஜையாக வந்தாள். மலகாயின் கம்ப்யூட்டர் முன்னால் வெகுநேரம் நின்றாள். "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குப்பா," என்று சொல்லிவிட்டு மார்க் போடப் போனாள்.

பின்னாலேயே வந்த டேரலின் கண்ணில் அப்போதுதான் அது பட்டது. மலகாயின் கம்ப்யூட்டரில், கீழே மூலையில், ஒரு ஃபேன் இருட்டாக இருந்தது. அவனுக்குக் காய்ச்சல் விட்டாற்போல இருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம். அந்த மூலை ஃபேன் ஏன் எரியல? குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. சின்னப் பையன், சொன்னாத்தானே கத்துக்குவான்."

அக்கா குனிந்து பார்த்தாள். "அட, ஆமா. ஏன்ப்பா எரியல?"

மலகாய் தலையைச் சொறிந்தான். "அது... அப்படியே இருக்கட்டும்க்கா."

"மார்க் போயிடுமே."

"பரவாயில்லக்கா."

கோப்பை நான்காவது தடவையும் டேரலுக்கே வந்தது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் மலகாய்தான். "காட்டுங்கண்ணே, பின்பக்கத்தைக் காட்டுங்க," என்று முன்னால் வந்து நின்றான்.

டேரல் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தான். கூட்டத்தைப் பார்த்தபடியே ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். சந்தோஷத்தில் வாய் ஓயவில்லை.

"தம்பி, நல்லாப் பார்த்துக்க. அத்தனையும் கறுப்பு வயர். வகிடு எடுத்துச் சீவின மாதிரி இருக்கும். கண்ட கண்ட கலர் டேப்புக்கெல்லாம் இங்க வேலையே கிடையாது."

பலகையை எடுத்துக் கீழே வைத்தான்.

யாரும் கைதட்டவில்லை. ஜானெல் போனைத் தாழ்த்திக்கொண்டாள். மலகாய் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

டேரல் திரும்பிப் பார்த்தான். சீவி வைத்த கறுப்பு வயர்களுக்கு நடுவே ஒரு ஸ்ப்ளிட்டர் தெரிந்தது. அதன் மேல் பச்சை டேப் சுற்றியிருந்தது.

நோலீன் அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்து பார்த்தாள்.

"அந்தப் பையனோட ஃபேன் ஏன் எரியலன்னு கேட்டியே டேரல்," என்றாள். "இதனாலதான்."