சாத்துக்குடியில் நான்கு குண்டூசிகள்

திரையில் சிக்கலின் அளவைக் காட்டும் எண் மறுபடியும் ஏறியிருந்தது.

நாற்பதில் தொடங்கியது. இப்போது ஏழு இலக்கம்.

அவள் மடிக்கணினியைப் பாதி மூடினாள். மனம் கேட்கவில்லை. திறந்தாள்.

ஐந்து வருட ஆராய்ச்சியும் ஒரே நம்பிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பந்தின் மேல் நான்கு புள்ளிகள். அவற்றைச் சுற்றி எத்தனை சிக்கலாக ஒரு வளையத்தைப் போட்டாலும், அவளுடைய சமன்பாடு அதைப் பின்னோக்கி இழுக்க இழுக்க, சிக்கல் அவிழ்ந்து, எண் இறங்கி அடங்கிவிடும்.

அவள் நம்பினாள். அதை ஓட்டிப் பார்த்த கணினி நிரல் நம்பவில்லை. சின்ன வளையங்களை அடக்கிவிட்டு, இந்த ஒன்றில் மட்டும் பதினொரு நாளாக அடம்பிடித்தது.

பத்து மணிக்கு ஆராய்ச்சி வழிகாட்டி அழைப்பார். அடங்கவில்லை என்றால் தலைப்பையே மாற்றச் சொல்வார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குத்தான் அழுகை முட்டியது.

மடிக்கணினியோடு விடுதி மெஸ்ஸுக்குப் போய் ஒரு சாத்துக்குடி கேட்டு வாங்கினாள். நான்கு குண்டூசிகளைக் குத்தினாள். நூலைச் சுற்றினாள். நிரல் செய்யும் முதல் வேலையைக் கையால் செய்து பார்த்தாள். இரண்டு ஊசிகளைச் சேர்த்து, வலப்பக்கமாக ஒரு முறுக்கு.

எதிரே பர்வீன் இட்லி தின்றுகொண்டிருந்தாள். வேதியியல்காரி. மூலக்கூறில் இடது வலது மாறினால் மருந்தே விஷமாகிவிடும் என்று சொல்லித் திரிபவள்.

“ஏய், பழத்துக்குள்ள ஒரு புழு இருந்தா, அதுக்கு இது இடப்பக்கமால்ல தெரியும்?”

நூலை முறுக்கிய கை நின்றது.

புள்ளிகளைக் குறித்தபோது பந்துக்கு வெளியே நின்றிருந்தாள். முறுக்கை எழுதியபோது உள்ளே போய் நின்றுவிட்டாள். பதினொரு நாளாக ஓடியது அவளுடைய சமன்பாடே இல்லை.

நல்ல கூத்து.

நிரலைத் திறந்தாள். முறுக்கின் திசைக்குப் போட்டிருந்த கூட்டல் குறியை அழித்துக் கழித்தல் போட்டாள். அடங்கிய சின்ன வளையங்களையும் இனி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஓட்டினால் போகிறது.

நாற்பது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

இருபத்து மூன்று.

பர்வீன் இட்லியை அப்படியே விட்டுவிட்டு, இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டாள்.

பத்து மணி. கைபேசி அடித்தது.

“சொல்லும்மா. அடங்குச்சா, இல்லையா?”

“சார், நான் வாசிக்கிறேன், நீங்க கேட்டுக்கிட்டே இருங்க,” என்றாள். “இருபத்தி மூணு. இப்ப... பதினொண்ணு.”



மறுமுனையில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.