கச்சிதமான கவசம்

லீவு முடிந்து ராணுவத்தில் தத்தம் யூனிட்டுக்குத் திரும்பும் எழிலரசியும் தம்பி கதிரவனும் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார்கள்.

“வூட்டுல சொல்லிடாதடா. போன மாசம் குண்டு என் விலாவை உரசிட்டுப் போச்சு. புல்லட் புரூஃப் சட்டை அவ்வளவு லூசு. பொம்பளைங்க அளவுல கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். ஸ்டாக்கே வரலைன்னுதான் சொல்றாங்க.”

ஒல்லியான கதிரவன் பதறிப்போனான்.

“எங்க யூனிட்டுல புதுசா வந்துச்சேக்கா. எனக்குத் தச்ச மாதிரி இருக்குது. இந்தப் போட்டோவைப் பாரேன்.”

அவன் நீட்டிய போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

“உங்க யூனிட்டுல பொம்பளைங்க எத்தனை பேரு?”

“ஒருத்தர்கூட இல்லக்கா. ஏன் கேக்கற?”

போனை அவன் பக்கம் திருப்பினாள். சட்டையிலிருந்து இன்னும் கழற்றாத அட்டையில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது: ‘பெண்களுக்கு மட்டும்.’