என்ன மாறியது?

“அப்பா… அப்பா…” என்று வீறிட்டது குழந்தை, அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டே.

“இங்கதான்டா தங்கம் இருக்கேன்” என்று அவர் குனிந்து முகத்தைக் காட்டினார். அவ்வளவுதான், அழுகை இரண்டு மடங்கானது. ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வெளியூரில் வேலைப் பயிற்சியில் இருக்கும் மனைவியை இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போகிறார். விடியுமுன் எழுந்து, முகம் மழித்து, புதுச் சட்டை போட்டு, பையை நிரப்பி, தூங்கிக்கொண்டிருந்த மகளை அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு ரயிலேறியிருந்தார்.

இரண்டு மாதமாக அவர் கையால்தான் அதற்குச் சாப்பாடு, அவர் தோளில்தான் தூக்கம். அப்படிப்பட்ட குழந்தை ரயிலில் கண் விழித்ததிலிருந்து இந்தக் கச்சேரி.

லிஃப்ட் நின்றுபோனால் அவர் பதற மாட்டார். நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழையபடி ஆக்கிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது கோளாறு என்றே தெரியாமல் போய்விடும்.

அதே முறையில் இங்கேயும் தொடங்கினார். புது ஷூ கடிக்கிறதோ என்று கழற்றினார். அழுகை. டயப்பரை மாற்றினார். அழுகை. பால் புட்டியை நீட்டினார். அது பறந்துபோய் எதிர்சீட்டு டீச்சரின் மடியில் விழுந்தது.

கடைசியில் தன் புதுச் சட்டைமேலேயே சந்தேகம் வந்தது. குழந்தையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, பழைய சட்டையோடு பக்கத்திலிருந்த கழிப்பறைக்குள் நுழைந்தார். வெளியே அழுகை மெல்ல அடங்கியது.

“அப்பா வந்துட்டேன்டா!” என்று உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தார். குழந்தை கதவைப் பார்த்து, கை தட்டிச் சிரித்தது. கதவைத் திறந்து, பழைய சட்டையில் வந்து கை நீட்டினார். குழந்தை அலறிக்கொண்டு டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “என்கிட்ட சும்மாதான் இருக்கு. உங்களைப் பார்த்தாதான் இப்படி. ஏங்க, இது உங்க குழந்தைதானா?”

“என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? பெத்தவன் நான்!”

“நாங்களா கேக்கறோம்? குழந்தைதான் கேக்குது” என்றார் பின்சீட்டுக்காரர்.

ஷூ இல்லை, டயப்பர் இல்லை, பால் இல்லை, சட்டையும் இல்லை. வேறு என்னதான் மாறியது? யோசனையில் அவர் விரல்கள் வழக்கம்போல் மேலுதட்டுக்குப் போய், சும்மா திரும்பின.

அதற்குள் யாரோ சொல்லி, ரயில்வே போலீஸ்காரம்மா வந்துவிட்டார்.

“குழந்தையோட அம்மாவுக்கு போன் போடுங்க சார்.”

“போட்டுப் பார்த்துட்டேன் மேடம். வகுப்புல இருக்கா, போனை அணைச்சு வச்சிருக்கா. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்துடுவா.”

“அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. அடுத்த ஸ்டேஷன்ல இறங்குங்க, விசாரிக்கணும். குழந்தை என்கிட்ட இருக்கட்டும்.”

அப்பா சட்டென்று நினைவு வந்து தன் போனை எடுத்தார்.

“போட்டோ இருக்கு மேடம்! போன வாரம் எடுத்தது. பாருங்க, என் தோள்ல உக்காந்திருக்கா பாருங்க!”

டீச்சர் எட்டிப் பார்த்தார். “இது வேற யாரோ மாதிரில்ல இருக்கு?”

குழந்தையும் எட்டிப் பார்த்தது. கண்ணீர் வழியும் முகம் பளிச்சென்று மலர்ந்தது. திரையில் இருந்தவரைப் பிஞ்சு விரலால் தொட்டு, “அப்பா!” என்றது.

“சரியாப் போச்சு, சாட்சியே சொல்லிடுச்சு” என்றார் பின்சீட்டுக்காரர்.

“அது நான்தாங்க. சத்தியமா நான்தாங்க…” சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. பெற்ற மகளிடம் தன்னை நிரூபிக்க அவரிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

போலீஸ்காரம்மா படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு, படத்தில் இருந்தவரின் மூக்குக்குக் கீழே தன் சுண்டுவிரலைக் குறுக்கே பிடித்து மறைத்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

“சார், இதைக் காலைல எடுத்தீங்களா?”

“ஆமா மேடம். என் வீட்டுக்காரிக்குப் பிடிக்காது, எடுத்துடுங்கன்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தா. வந்து இறங்கினதும் பார்த்து சந்தோஷப்படட்டுமேன்னு…”

போலீஸ்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“யாராவது ஒரு கறுப்புப் பேனா குடுங்க, இவருக்கு மீசை வரையணும்!”