மேயருக்குத் தாத்தா யார்?

"அது மட்டும் வேண்டாம், மாமா. அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க."

மேயர் கெயிர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிவெர்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா கீமான்னு குழையாதே. ஊர்ல அத்தனை வீட்டுக்கும் வம்சம் எழுதி முடிச்சாச்சு. ஆடு திருடினவன், குடிச்சே செத்தவன், எல்லாரும் புத்தகத்துல இருக்காங்க. மேயர் வீட்டுல மட்டும் ஓட்டையா? உன் அம்மாவைப் பெத்தவன் யாரு?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"அச்சாபீஸ்காரன் என் உயிரை எடுக்கிறான்!"

வீட்டுக்கு வீடு வம்சம் சொல்லும் ஊர்ப்புத்தகம். நார்வேயில் அது இல்லாத ஊர் ஊரே இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து சிவெர்ட் அதில்தான் தலையைக் கொடுத்திருந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உன் பாட்டி, நம்ம ஊரைப் பிடிச்சு வச்சிருந்த ஜெர்மன் பட்டாளத்துக்குச் சமைச்சுப் போட்டவ. சண்டை முடிஞ்சதும், எதிரியோட படுத்தவன்னு ஊர் கூடி அவளுக்கு மொட்டையடிச்சுது. அப்ப அவ வயித்துல உன் அம்மா. தாத்தா யாருன்னு சொல்ல ஜோசியமா பாக்கணும்? தேர்தல் வருது, மறைக்கிறே."

கெயிர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சதுக்கத்தில் நினைவுக்கல். அதில் ஒரே பெயர், ஆமுண்ட். சிவெர்ட்டின் அப்பா. தேடப்பட்டவர்களை ஸ்வீடன் எல்லை தாண்டித் தப்பவிட்டார் என்று ஜெர்மன்காரர்கள் சுட்டுக்கொன்ற மனிதர். வருஷா வருஷம் தேசிய நாளில் அந்தக் கல்லுக்கு மேயர்தான் மாலை வைப்பார்.

"சரி. ஜெர்மன்காரன்னே எழுதிக்குங்க" என்றார் கெயிர். "நான் மறுக்க மாட்டேன்."

மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இது என்ன பதில்?

"ஊகத்தை அச்சுல போடறவன் நானில்லை. உன் அம்மாகிட்டயே கேட்டுக்கறேன்."

கெயிர் அப்போதுதான் பதறி எழுந்தார். "வேண்டாம் மாமா. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லதை நான் பாத்துக்கறேன்!"

கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தார்.

மேயரின் அம்மா போர்கில்ட் வாஃபிள் வார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடடே, சிவெர்ட்! இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டியே. பூட்ஸைக் கழட்டிட்டு வா, இப்பதான் தரையைத் துடைச்சேன்."

"உன் அப்பா யாரு? ஒரு பேரைச் சொல்லு, நான் போயிடறேன்."

"பள்ளிக்கூடத்துலயும் இதைத்தானே கேட்டே? கேட்டுட்டு, 'ஜெர்மன் குட்டி'ன்னு கல்லை விட்டெறிவே." புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டாள். "குறி மட்டும் தப்பவே தப்பாது உனக்கு."

"என் அப்பாவைச் சுட்ட கூட்டம்! சின்னப் பையன் வேற என்ன செய்வான்?"

"நான் குத்தம் சொல்லலையே. சாப்பிடு, ஆறிடும்."

"தின்ன வரலை நான்! ஜெர்மன்காரன் இல்லேன்னா, மொட்டையடிக்கறப்பவாவது உன் அம்மா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

போர்கில்ட் அடுப்பை அணைத்தாள்.

"சொல்லத்தான் வாயெடுத்தாளாம். கூட்டத்துல உன் அம்மா நின்னுட்டிருந்தா. புருஷனைப் புதைச்ச ஈரம் காயலை. இடுப்புல நீ. அந்த முகத்தைப் பாத்ததும் எங்கம்மா தலையைக் குனிஞ்சுட்டா. வெட்டிக்குங்கன்னு."

"நான் உன் அப்பாவைக் கேட்டா, நீ என் அம்மாவை இழுக்கறே! இதுல அவ எங்க வந்தா?"

போர்கில்ட் அவர் தட்டில் பழுப்புச் சீஸை மெல்லச் சீவி வைத்தாள்.

"நீ எறிஞ்ச கல் பட்டு நான் அழுதுக்கிட்டு வர்றப்பல்லாம், எங்கம்மா ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டே ஒண்ணுதான் சொல்வா: 'திருப்பி அடிச்சிடாதடி. அவன் உன் அண்ணன்.'"