ஜெசிந்தா வாசித்துக் காட்டினாள்

தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கிரேன் ஓட்டும் ஜெசிந்தா, வழக்கமான வருடாந்தரக் கண் பரிசோதனைக்குத்தான் வந்திருந்தாள். வரப்போகும் கண் நோயை முன்கூட்டியே கணிக்கும் கருவி அவள் விழித்திரையை நான்கு நொடி பார்த்துவிட்டு முடிவைச் சொன்னது: ஆறு ஆண்டுகளில் பார்வை மங்கும், உரிமம் இன்றே ரத்து.

டாக்டர் வடிவு முடிவுத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"டாக்டரம்மா, எனக்கு இப்ப என்ன தெரியுதுன்னு ஒருத்தரும் கேக்கலியே," என்றாள் ஜெசிந்தா.

பேனா நின்றது. படித்த காலத்துக்குப் பிறகு வடிவு யாரிடமும் அதைக் கேட்டதில்லை. எழுந்துபோய், அலமாரிக்குப் பின்னால் கிடந்த, பார்வையைச் சோதிக்கும் பழைய எழுத்துப் பலகையைத் துடைத்துச் சுவரில் மாட்டினார்.

"வாசிங்க."

ஜெசிந்தா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரிவரை நிறுத்தாமல் வாசித்தாள். மறு கண்ணாலும் வாசித்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே கதவு வரை பின்வாங்கி நின்று, திரும்பவும் வாசித்தாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கருவியின் முடிவை மாற்றும் அதிகாரம் மருத்துவருக்கு இன்னும் இருந்தது. யாரும் பயன்படுத்தியதில்லை, அவ்வளவுதான். வடிவு தாளில் இருந்த 'ரத்து' என்பதை அடித்துவிட்டு, 'ஓராண்டுக்குத் தகுதி' என்று எழுதினார்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும்."

"வந்து வாசிச்சே காட்டுதேன்."

அடுத்து உள்ளே வந்த லாரி ஓட்டுநர் கருவியின் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பலகைக்கு எதிரே போய் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டார்.